உலோகத்துக்குள் யார் சுமக்கிறார்கள்?

வெள்ளீயக் கட்டி ஒன்றைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்தால் கீச்சென்று ஓர் ஒலி எழும். கும்பகோணத்தில் ரசம் வைக்கவென்றே செய்யும் ஈயச் சொம்பு இந்த உலோகத்தில் ஆனதுதான். கட்டி உடையவில்லை, விரிசல் விடவில்லை. இருந்தும் சத்தம் வருகிறது. உள்ளே கோடானுகோடி அணுக்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான பொழுதில் ஒட்டுமொத்தமாகச் சாய்ந்து வேறு திசையில் அடுக்கிக்கொண்டதால் எழுந்த அதிர்வு அது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு உலோகம் அமைதியாக, ஒரே சீராக வளைவதாகத் தோன்றும். உள்ளே நடப்பதில் அமைதியும் இல்லை, சீரும் இல்லை.

அந்த உள்விவகாரத்தை அறிய இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. நியூட்ரான்களையோ எக்ஸ் கதிர்களையோ உலோகத்துக்குள் செலுத்தி அணு அடுக்குகளின் இடைவெளியை அளப்பது ஒன்று. உலோகத்தின் ஒவ்வொரு துணுக்கும் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிடுவது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் அரைகுறைதான். ஒன்றை மற்றொன்றின் எதிரே நிறுத்தி, எங்கே ஒத்துவரவில்லை என்று தேடும்போதுதான் நமக்குப் புதிதாக ஏதாவது தெரியவருகிறது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வாளியின் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் பூப்பூவாகத் தெரியும் திட்டுகள் நினைவிருக்கும். ஒவ்வொரு திட்டும் துத்தநாகத்தின் ஒரு படிகம். அதற்குள் அணுக்கள் அச்சுப் பிசகாமல் வரிசையில் நிற்கின்றன. பக்கத்துத் திட்டிலும் அதே வரிசைதான், ஆனால் வேறு சாய்வில். அதனால்தான் வெளிச்சம் படும்போது ஒன்று மினுங்குகிறது, ஒன்று மங்குகிறது. இரும்பு, தாமிரம், அலுமினியம் எல்லாமே இப்படிப்பட்ட படிக மணிகளின் கூட்டம்தான். பெரும்பாலான உலோகங்களில் மணிகள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு படிகம் எப்படி வளைகிறது? ஓர் அணு அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்குகிறது என்பது பழைய பதில். 1926-இல் ரஷ்ய இயற்பியலாளர் யாக்கோவ் ஃபிரெங்கெல், முழு அடுக்கையும் ஒரே மூச்சில் நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்குப் போட்டார். கிடைத்த எண், மென்மையான உலோகப் படிகங்களில் உண்மையாகத் தேவைப்படுவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக இருந்தது. உலோகங்கள் ஏன் இத்தனை பலவீனமாக இருக்கின்றன என்பது எட்டு ஆண்டுகள் புதிராகவே நின்றது. 1934-இல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஒரோவான், மைக்கேல் பொலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். அடுக்கு முழுவதும் ஒன்றாக நகர்வதில்லை. படிகத்துக்குள் அணு வரிசை ஒன்று பாதியிலேயே நின்றுபோன இடங்கள் இருக்கின்றன. அந்தக் குறை மட்டும், ஓரணு தூரம் ஓரணு தூரமாக, படிகத்தைக் கடந்து செல்கிறது. அதன் பின்னால் அடுக்கு நகர்ந்து முடிந்திருக்கிறது. டிஸ்லொகேஷன் என்று பெயர் பெற்ற இந்தக் குறையை அப்போது யாரும் கண்டதில்லை. 1956-இல் கேம்பிரிட்ஜில் மெல்லிய அலுமினியத் தகட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் அது நகர்வதை நேரில் பார்த்தார்கள்.

வயரிங் வேலைக்கு வாங்கும் தாமிரக் கம்பியை ஒருமுறை வளைத்து, மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். முதல் வளைவுக்குக் கொடுத்த பலம் நிமிர்த்தப் போதாது. டிஸ்லொகேஷன்கள் பெருகி, ஒன்றின் வழியில் ஒன்று மாட்டிக்கொண்டுவிட்டன. நன்றாக அடித்து நீட்டிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் டிஸ்லொகேஷன் கோடுகளை எல்லாம் முனைக்கு முனை நீட்டி வைத்தால் பத்து லட்சம் கிலோமீட்டர் வரும். நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகும் மீதி இருக்கும்.

இவ்வளவு சிக்கலையும் உலோகத்தை அறுக்காமல், வளையும்போதே எப்படிப் பார்ப்பது? இதற்கான வாசல் 1912-இல் மியூனிக் நகரில் திறந்தது. மாக்ஸ் ஃபான் லாவ கொடுத்த யோசனையின்படி ஃபிரிட்ரிஷ், நிப்பிங் என்ற இருவர் மயில்துத்தப் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த புகைப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. அதே ஆண்டின் இறுதிக்குள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த 22 வயது லாரன்ஸ் பிராக், அந்தப் புள்ளிகளுக்கு எளிய விளக்கம் தந்தார். அடுத்தடுத்த அணு அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வலுப்பெறும். அலைநீளம் தெரிந்தால் கோணத்திலிருந்து அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிட்டுவிடலாம். அலைகளின் இந்த நடத்தைக்கு விளிம்பு விளைவு என்று பெயர். அதன் ஒற்றைச் சமன்பாடு படிகத்துக்குள் ஓர் அளவுகோலை வைத்துவிட்டது. உலோகத்தை இழுத்தால் அணுக்களின் இடைவெளி கூடும், அழுத்தினால் குறையும். அந்த மாற்றத்தை அளந்தால் மணிகளின் மேல் எவ்வளவு தகைவு, அதாவது பரப்பளவுக்கு எவ்வளவு விசை, இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சாதாரண ஆய்வகத்து எக்ஸ் கதிர் உலோகத்தின் மேல்தோலில், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்திலேயே அடங்கிவிடும். நியூட்ரானும் அலைபோல நடந்துகொள்ளும், ஆனால் அதற்கு மின்னூட்டம் கிடையாது. எலெக்ட்ரான் கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் எஃகுக்குள் சில சென்டிமீட்டர் வரை இறங்கும். அதனால் இந்த ஆய்வுகளுக்கு நியூட்ரானே பெரிதும் கைகொடுக்கிறது.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் ஐசிஸ் என்ற நியூட்ரான் மூலம் இருக்கிறது. புரோட்டான்களை ஒளியின் வேகத்தில் 84 விழுக்காடு வரை முடுக்கி டங்ஸ்டன் இலக்கின் மேல் மோதவிடுகிறார்கள். தெறிக்கும் நியூட்ரான்களை வேகம் தணித்துப் பல கருவிகளுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். அவற்றில் எஞ்சின்-எக்ஸ் என்ற கருவி பொறியியல் ஆய்வுகளுக்கென்றே கட்டப்பட்டது. அதற்குள் உலோகத்தை இழுக்கவும் அழுத்தவும் ஓர் இயந்திரம் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் தாடைகளுக்கு நடுவே விரல் கனத்துக்கு ஓர் உலோகத் தண்டு. தண்டு நியூட்ரான் கற்றைக்கு 45 பாகை சாய்வில் நிற்கும். இரு பக்கமும் 90 பாகையில் பக்கத்துக்கு ஒரு டிடெக்டர். இந்தச் சாய்வில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பக்கத்து டிடெக்டர் இழுவிசையின் திசையில் நீண்ட இடைவெளிகளை மட்டும் பார்க்கும். மறுபக்கத்து டிடெக்டர் அதற்குக் குறுக்கே சுருங்கியவற்றை மட்டும் பார்க்கும். ஒரே நேரத்தில் இரண்டும் பதிவாகின்றன.

நியூட்ரான்கள் துடிப்புத் துடிப்பாகக் கிளம்பி ஏறக்குறைய 50 மீட்டர் பயணம் செய்து தண்டை அடைகின்றன. அலைநீளம் குறைந்தவை வேகமானவை, கூடியவை மெதுவானவை. 2 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள நியூட்ரான் நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, இந்தத் தூரத்தை 25 மில்லிநொடியில் கடக்கும். டிடெக்டருக்கு எப்போது வந்தது என்பதிலிருந்தே அலைநீளத்தைச் சொல்லிவிடலாம். எந்தப் பகுதியும் நகர வேண்டியதில்லை, ஒரே பதிவில் பல அடுக்குக் குடும்பங்களின் முகடுகள், அதாவது நியூட்ரான்கள் குவிந்து வரும் இடங்கள், வரிசையாக வந்துவிடும். இழுவிசையைச் சற்றுக் கூட்டு, நிறுத்து, சில நிமிடம் எண்ணு, மறுபடி கூட்டு. சோதனை இப்படியே நகர்கிறது.

கிடைக்கும் துல்லியம் பிரமிக்க வைப்பது. இரும்பின் ஒரு முக்கிய அடுக்கு இடைவெளி சுமார் 2 ஆங்ஸ்ட்ராம். அதில் லட்சத்தில் ஐந்து பங்கு மாறினாலும் முகடு நகர்ந்தது தெரிந்துவிடும். அந்த மாற்றம் நீளக் கணக்கில் ஓர் இரும்பு அணுக்கருவின் விட்டம் அளவுக்குத்தான் வரும். எண்ணற்ற அடுக்குகளின் சராசரியாக வருவதால் இது சாத்தியமாகிறது.

ஒரு முகடு மூன்று செய்திகளைச் சொல்கிறது. அது இடம் நகர்ந்தால் மணிகள் மீள்தன்மையோடு நீண்டிருக்கின்றன அல்லது சுருங்கியிருக்கின்றன. அகலம் கூடினால் உள்ளே டிஸ்லொகேஷன்கள் பெருகியிருக்கின்றன. உயரம் மாறினால் அந்தச் சாய்வில் நிற்கும் மணிகளின் தொகை மாறியிருக்கிறது, அதாவது மணிகள் திரும்பியிருக்கின்றன. இந்த மூன்றாவது செய்தியின் முக்கியத்துவத்தை மக்னீசியம் காட்டும்.

அதற்கு முன் சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வடம் பிடிக்கும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே பலத்தோடு இழுப்பதில்லை. சிலர் கை தளரும்போது அவர்கள் விட்ட பாரம் மற்றவர்களின் தோளுக்குப் போகும், தேர் என்னவோ ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். இழுபடும் உலோகத்திலும் அதுதான் நடக்கிறது. வழுக்குவதற்குத் தோதான சாய்வில் இருக்கும் மணிகள் முதலில் இடம் கொடுத்துவிடுகின்றன. அவற்றின் முகடு அதற்குமேல் நகர மறுத்து நின்றுவிடும். தோதற்ற சாய்வில் இருக்கும் மணிகள் கூடுதல் பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றின் முகடு முன்பைவிட வேகமாக நகரும். துருப்பிடிக்காத எஃகில், மணிகளை அடுக்குகளின் திசையை வைத்துக் குடும்பங்களாகப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை அப்பட்டமாகத் தெரியும். 200 என்ற எண்ணால் குறிக்கும் குடும்பம் கூடுதலாக நீள்கிறது. 311 குடும்பம் ஏறக்குறைய ஒட்டுமொத்த உலோகத்தின் போக்கிலேயே போகிறது. பற்றவைத்த பாகங்களில் எஞ்சிய தகைவை அளக்கும் பொறியாளர்கள் 311-ஐ விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

இழுவிசையை முழுக்க எடுத்துவிட்டாலும் கணக்கு தீர்வதில்லை. இடம் கொடுத்த மணிகள் நிரந்தரமாக நீண்டுவிட்டன, மற்றவை பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கின்றன. ஒன்றை ஒன்று பிடித்துவைத்துக்கொண்டு, வெளியில் எந்தச் சுமையும் இல்லாத நிலையிலும், உள்ளுக்குள் தகைவோடு நிற்கின்றன. கடையில் வாங்கும் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் தகட்டுக்குள்ளும் இப்படி ஒரு பழைய இழுபறி உறைந்திருக்கிறது.

இனி மக்னீசியம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், எஃகின் கால் பங்குக்கும் குறைவு. வாகனங்களின் எடையைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அதன்மேல் எப்போதும் ஆசை. 3 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த ஏ.இசட்.31 பரவலாகப் பயன்படும் ஒரு கலப்புலோகம். ஆனால் அறை வெப்பநிலையில் மக்னீசியம் வளைய மறுக்கிறது. அதன் அணுக்கள் அறுகோணத் தூண்களாக அடுக்கப்பட்டவை. தூணின் அடிப்பரப்புக்கு இணையாக வழுக்குவது மிக எளிது. தூணின் அச்சுத் திசையில் நீளவோ சுருங்கவோ இந்த வழுக்கல் உதவாது. ஒரு மணி எந்த வடிவத்துக்கும் மாற வேண்டுமானால் ஐந்து தனித்த வழுக்கல் வழிகள் தேவை. எளிதான இந்த வழி இரண்டுதான் தருகிறது.

நெருக்கடி வரும்போது மக்னீசியம் வேறு வழி பிடிக்கிறது. மணிக்குள் ஒரு பட்டை முழுவதும் சட்டென்று சாய்ந்து, பழைய படிகத்தின் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடுகிறது. இதை இரட்டையாதல் என்கிறோம். வெள்ளீயக் கட்டியில் காது கேட்டதும் இதையே. மக்னீசியத்தில் இந்தச் சாய்வு அறுகோணத் தூணின் அச்சை 86.3 பாகை, அதாவது கிட்டத்தட்ட செங்கோணமாகத் திருப்பிப் போடுகிறது.

அச்சுத் துளை வழியே பிதுக்கி எடுத்த மக்னீசியத் தண்டில் பெரும்பாலான மணிகளின் தூண் அச்சுகள் தண்டின் நீளத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். அந்தத் தண்டை நியூட்ரான் கற்றையில் நிறுத்தி நீளவாட்டில் அழுத்தத் தொடங்குவோம். அழுத்தத் திசையைப் பார்க்கும் டிடெக்டரில், தூணின் அடிப்பரப்புக்கு உரிய முகடு இருக்கவேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, இன்னும் காலிதான். ஒரு கட்டத்தில் அங்கே சிறு மேடு ஒன்று தலைகாட்டுகிறது. அடுத்த பதிவில் அது வளர்கிறது, அதற்கடுத்ததில் இன்னும் உயர்கிறது. படுத்திருந்த தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்கின்றன என்பதை அந்த முகடு பதிவு பதிவாகக் காட்டுகிறது. தண்டு 6 அல்லது 7 விழுக்காடு குறுகுவதற்குள் பெரும்பாலான மணிகள் திரும்பிவிடும். அதற்குப் பின் வழுக்கவும் எளிய வழி இல்லை, திரும்பவும் இடமில்லை. தேவைப்படும் விசை செங்குத்தாக ஏறத் தொடங்கும். இதே தண்டை இழுத்தால் இரட்டையாதலுக்கு வேலை இல்லை. அதனால்தான் இந்த உலோகம் இழுவிசைக்குக் காட்டும் எதிர்ப்பில் பாதியளவே அழுத்தத்துக்குக் காட்டித் தளர்ந்துவிடுகிறது. மக்னீசியத்தில் ஒரு பாகத்தை வடிவமைப்பவர் இதை மறந்தால் அந்தப் பாகம் அவரைக் கைவிட்டுவிடும்.

நியூட்ரான் என்ன நடந்தது என்று சொல்கிறது. ஏன் நடந்தது, வேறு சாய்வில் அடுக்கிய தண்டில் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு வேண்டும். 1938-இல் டெய்லர் ஒரு துணிச்சலான அனுமானத்தோடு தொடங்கினார்: எல்லா மணிகளும் ஒரே அளவு உருமாறுகின்றன. அதற்குப் பத்து ஆண்டு முன்பே சாக்ஸ் என்பவர் எதிர்த் திசையில் போயிருந்தார்: எல்லா மணிகளும் ஒரே தகைவைத் தாங்குகின்றன. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. 1957-இல் ஜான் எஷெல்பி ஒரு அழகான கணிதத் தீர்வு கண்டார். ஒரு பெரும் ஊடகத்துக்குள் பதிந்திருக்கும் நீள்கோள வடிவத் துணுக்கு தன் வடிவத்தை மாற்ற முயன்றால் உள்ளே எவ்வளவு தகைவு எழும் என்பதை அது துல்லியமாகச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பின்வந்தவர்கள் ஒவ்வொரு மணியையும் அத்தகைய துணுக்காகவும், மற்ற எல்லா மணிகளின் சராசரியை அதைச் சுற்றியுள்ள ஊடகமாகவும் கொண்டார்கள். மணி ஊடகத்தை மாற்றுகிறது, ஊடகம் மணியை மாற்றுகிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை கணினி திரும்பத் திரும்பக் கணக்கிடும். 1990-களில் கார்லோஸ் டோமே, ரிகார்டோ லெபென்சோன் போன்றவர்கள் இதை நடைமுறைக் கருவியாக்கினார்கள். சில ஆயிரம் மணிகளைக் கொண்ட இத்தகைய கணக்கை இன்று சாதாரண மேசைக் கணினியே முடித்துவிடும்.

இந்தக் கணக்குகளில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. ஒவ்வொரு வழுக்கல் வழிக்கும் எவ்வளவு எதிர்ப்பு, அது எப்படி ஏறும் என்று பல எண்களைக் கொடுக்க வேண்டும். எண்கள் போதுமான அளவுக்கு இருந்தால் இழுவிசைச் சோதனையில் கிடைக்கும் ஒற்றை வளைகோட்டோடு எந்தக் கணக்கு மாதிரியையும் பொருத்திவிடலாம். உள்ளே நடப்பதாக அது சொல்லும் கதை முழுக்கத் தவறாக இருந்தாலும் கோடு ஒட்டிக்கொள்ளும். விளிம்பு விளைவுப் பதிவு வந்துசேரும்போது அந்த வசதி போய்விடுகிறது. ஒரே எண்களை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முகடுகளின் நகர்வையும், இரு திசைகளிலும், உயர மாற்றங்களோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு மாதிரி இடறிய கதை 2008-இல் வெளியானது. பியோர்ன் கிளௌசென், டோமே, டொனால்டு பிரவுன், ஷான் அக்னியூ ஆகிய ஆய்வாளர்கள் மக்னீசியத் தண்டை அழுத்தி நியூட்ரானில் பார்த்து, கணக்கோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பிறக்கும் இரட்டைப் பட்டை, தான் பிறந்த தாய் மணியின் தகைவை அப்படியே பெற்றுக்கொள்ளும் என்று கொள்வதே இயல்பான எடுகோள். பதிவுகள் அதை ஏற்கவில்லை. பிறந்த பட்டைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த தகைவோடு, தளர்ந்த நிலையில் இருந்தன. காரணம் இரட்டையாதலின் இயல்பிலேயே இருந்தது. மக்னீசியத்தில் பட்டை சாயும்போது சுமார் 13 விழுக்காடு நறுக்குத் திரிபு (அடுக்குகள் பக்கவாட்டில் சரிவதால் வரும் வடிவ மாற்றம்) ஏற்படும், அதற்குக் கூடவும் குறையவும் வழியில்லை. அந்த இடத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக அது சாய்ந்துவிடுகிறது. சுற்றியுள்ளவை எதிர்த்துத் தள்ள, பட்டையின் மேலிருந்த தகைவு வடிந்துவிடுகிறது. புள்ளியளவில் தொடங்கி வளர்வதாக இல்லாமல், பிறக்கும்போதே குறிப்பிட்ட பருமனோடு பட்டை பிறப்பதாக மாதிரியைத் திருத்தியபோது கணக்கு பதிவுகளை நெருங்கி வந்தது. ஒட்டுமொத்த வளைகோட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதே அறுகோணக் குடும்பத்தைச் சேர்ந்த சிர்கோனியம் நம் கரையோரத்துக்கும் சொந்தம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அதன் தாது இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் சிர்கோனிய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. கல்பாக்கத்தின் இரு அழுத்தக் கனநீர் உலைகளில் எரிபொருளையும் அழுத்தத்தில் இருக்கும் சூடான கனநீரையும் தாங்கும் குழாய்கள் இந்த உலோகத்தின் கலவையில் ஆனவை. ஓர் உலைக்கு 306 குழாய்கள். நியூட்ரான்களை அதிகம் விழுங்காத உலோகம் என்பதாலேயே அணு உலைக்குத் தேர்வானது. அதே குணம் நியூட்ரான் ஆய்வுக்கும் அதைத் தோதாக்குகிறது.

சிர்கோனியம் சூடேறும்போது தூண் அச்சின் திசையில் விரிவது, குறுக்கே விரிவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. குழாயைச் செய்து ஆறவைத்தாலே போதும், ஒவ்வொரு மணியும் அச்சுத் திசையில் அதிகம் சுருங்கப் பார்க்கும், அண்டை மணிகள் தடுக்கும். எந்தச் சுமையும் ஏறாமலே உள்ளே தகைவு பிறந்துவிடும். நியூட்ரான் இதை நேரடியாக அளந்து காட்டியிருக்கிறது. உலைக்குள் போனபின் இன்னொரு விசித்திரம். நியூட்ரான் தாக்குதலில் தூண் அச்சு குறுகி, குறுக்குத் திசை நீள்கிறது. குழாயில் பெரும்பாலான அச்சுகள் சுற்றளவுத் திசையில் படுத்திருப்பதால் குழாய் ஆண்டுக்கு ஆண்டு மில்லிமீட்டர் கணக்கில் நீள்கிறது, எடையால் தொய்கிறது. 1983-இல் கனடாவின் பிக்கரிங் உலையில் தொய்ந்த குழாய் ஒன்று குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து கொப்புளமாகி, குழாய் வெடித்தது. குழாய்களை எப்போது மாற்றுவது என்ற முடிவுக்குப் பின்னால் மணிகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்ற கேள்வியும் இருக்கிறது.

இதுவரை சொன்ன நியூட்ரான் அளவை எதிலும் தனி மணி ஒன்றின் பெயர் கிடையாது. 4 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் மணி ஒன்று மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்றால் ஐந்து லட்சம் மணிகள் அடங்கும். முகடு என்பது அவற்றில் ஒரு குடும்பத்தின் சராசரி. கிரனோபிள் நகரத்தில் சின்க்ரோட்ரான் என்ற எக்ஸ் கதிர் மூலத்தில் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தார் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு, உலோகத்தைச் சுழற்றியபடியே உள்ளே புதைந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் முறையை வளர்த்தெடுத்தார்கள். அதில் தெரியவந்த செய்தி மாதிரிகளுக்குச் சங்கடமானது. ஒரே சாய்வில் இருக்கும் இரு மணிகள்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. சுற்றுப்புறத்தைச் சராசரி ஊடகமாகக் கொள்ளும் கணக்கில் பக்கத்து மணிக்கு இடமே இல்லை. அதனால் இப்போது எக்ஸ் கதிர் வரைந்து தரும் மணிகளின் வரைபடத்தை அப்படியே கணினிக்குள் ஏற்றி, மணிக்குள்ளும் பல்லாயிரம் புள்ளிகளில் தகைவைக் கணக்கிடுகிறார்கள். மணிகளின் சராசரித் தகைவில் அளவையும் கணக்கும் பல இடங்களில் நெருங்கி வந்திருக்கின்றன. இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையில், விரிசல்கள் பெரும்பாலும் தொடங்கும் அந்த இடத்தில், இன்னும் விலகியே நிற்கின்றன.